உள்ளே போய்ப் பார்க்கும் கோமதி மேடம்

விடிந்தும் விடியாமலும் கோமதி மேடத்தின் எண்ணிலிருந்து போன் வந்தால் அது யானை விஷயமாகத்தான் இருக்கும். அவர் வீடு தொண்டாமுத்தூர்ப் பக்கம், தோட்டத்துக்குள் இருக்கிறது. "ஏனுங்க நாச்சிமுத்து, வாழைக்குள்ள ஆனை நிக்குதுங்க. பாரஸ்ட்காரங்க வந்து ஓட்டட்டும், அப்பறமா வாரேன்" என்பார். போன வாரம் அவர் எங்கள் சைட்டுக்கு ஆய்வுக்கு வர வேண்டிய நாளன்றும் அப்படித்தான் போன் அடித்தது. யானை என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

பேசியவர் அவருடைய கணவர் தங்கவேல் ஐயா. "கோமதி போயிட்டாளுங்க" என்றார். "நெஞ்சு வலிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்தா. காரை வெளிய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. இன்னிக்கு உங்க சைட்டுக்கு வாரேன்னு சொல்லியிருந்தா. நீங்க அங்க போயிக் காத்துக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு மொதல்ல உங்களுக்குத்தான் கூப்பிட்டேன்."

பெண்டாட்டி இறந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அந்த மனிதர் என் நேரம் வீணாகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா என்று நினைத்தேன். சைட்டில் நாங்கள் அரைகுறையாக ஒட்டிவைத்த அந்தத் தகரக் குழாய்த் துண்டை இனி யாரும் பிரிக்கச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் மனசுக்குள் முதலில் ஓடியது. துக்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது. கொஞ்ச நேரம்தான் பிந்தியது, ஆனாலும் பிந்தித்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஏசி வேலை செய்யும் எங்கள் சங்கத்தில், மேடத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் கைகாட்டினார்கள். "அவங்ககூட நெம்பச் சண்டை போட்டது நீங்கதானுங்க, நீங்களே எழுதிப்போடுங்க" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். சண்டைக்காரன் எழுதும் அஞ்சலி என்று இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மேடத்தைத் தெரியாதவர்களுக்கு அவருடைய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசி போட்ட பெரிய கட்டடங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தகரக் குழாய்கள் ஓடும். டக்ட் என்போம். ஒரு ஆள் படுத்து ஊரும் அளவுக்குச் சில டக்ட்டுகள் பெரியவை. மெஷின் அறையில் இருக்கும் ஃபேனின் இரைச்சல் அந்தத் தகரத்தின் வழியாகவே அறைக்கு வந்து சேரும். அது வராமல் இருக்க டக்ட்டின் உள்பக்கம் கண்ணாடிப் பஞ்சுப் பலகையை ஒட்டுகிறோம். மேலே கறுப்புத் துணி, கீழே பசை, நடுநடுவே பின் குத்தி வாஷர் போட்டு இறுக்குவோம். பலகையின் ஓரங்களுக்கு விடாமல் பூச்சு கொடுக்க வேண்டும். ஓரம் விட்டுப்போனால் காற்று அதைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். பிய்ந்த தூசு கீழே இருப்பவர் மூக்குக்குப் போகும், சத்தமும் அடங்காது. சீலிங் மூடிவிட்டால் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. மூடுவதற்கு முன் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கோயமுத்தூர் வட்டாரத்தில் அந்த ஒருவர் கோமதி மேடம்தான். மெக்கானிக்கல் படித்தவர். சென்னையில் இருக்கும் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காக இந்தப் பக்கத்து வேலைகளை எல்லாம் அவரே பார்த்துவந்தார்.

நான் அவரை முதலில் பார்த்தது அவிநாசி ரோட்டில் ஒரு கலையரங்கத்து வேலையில். என் சொந்தப் பட்டறையைக் கணபதிப் பகுதியில் போட்ட புதிது. நான் மகா கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. வரைபடத்தில் போட்ட அளவுக்கே டக்ட்டைச் செய்து, அதற்குள் பஞ்சையும் ஒட்டி மாட்டியிருந்தேன். ஒல்லியாக, சுடிதாரும் ஷூவுமாக வந்தவர் டேப்பை உள்ளே விட்டு அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"ஏனுங்க, இந்த அளவு பஞ்சு ஒட்டுனதுக்கு அப்பறம் உள்ளாற இருக்கோணுமுங்க. நீங்க வெளிய வெச்சுப்போட்டீங்க."

"ட்ராயிங்ல அப்படித்தானுங்க இருக்குது."

"அளவெடுத்த சட்டைக்குள்ளாற ஸ்வெட்டர் போட்டா மூச்சு முட்டுமில்லீங்க? காத்துக்கும் அப்படித்தான். விசிலடிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்பளை ஒருத்தி வந்து என் ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டாளே என்கிற கோபம் அது, வேறொன்றுமில்லை. ஃபேனைப் போட்டுக் காட்டுகிறேன் என்று நானே போட்டேன். விசிலடித்தது. பாலக்காட்டு ரயில் வந்த மாதிரி அடித்தது. என் ஃபோர்மேன் குப்புராஜ் திரும்பி நின்று சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. "டீ சொல்லுங்க நாச்சிமுத்து. எந்தத் துண்டையெல்லாம் மாத்தறதுன்னு உக்காந்து பேசலாம்" என்றார். மேடம் டீ குடிக்க உட்கார்ந்தால் நமக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம், அதை அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

பவானிக் கல்யாண மண்டபத்துக் கதை எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சு ஒட்டிய லைனிங்கைப் பார்த்துச் சரி என்று மேடம் சொல்லிவிட்டார், சீலிங்கும் மூடியாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு முதல் நாள் மண்டபத்து உரிமையாளர் கணபதி ஹோமம் வளர்த்தார். புகை நின்றுவிடக் கூடாது என்று அவரே போய் ஏசி ஃபேனைத் தட்டிவிட்டார். ஹோம குண்டத்துக்கு நேர் மேலே காற்றை உறிஞ்சும் ஜன்னல். நெய்ப்புகை, சமித்துப்புகை எல்லாவற்றையும் புதுப் பஞ்சு குடித்துவிட்டது. அப்புறம் என்ன, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பாரில் ஹோம வாசம். மேடம் வந்து டக்ட்டின் சின்னக் கதவைத் திறந்து மோந்து பார்த்தார். உறிஞ்சுகிற பக்கம் முழுக்கப் பிரித்து மாற்ற வேண்டும் என்றார். உரிமையாளருக்கு மனசு தாங்கவில்லை. "சாமி காரியத்துப் புகை அம்மணி, அது இருந்தா நல்லதுதானே?" என்றார்.

"சாமிக்குப் போட்ட நெய் சாமிக்கே போவட்டுமுங்க. பஞ்சுல தங்குனா எலிதானுங்க வரும்" என்றார் மேடம். அதோடு விடவில்லை. "ஃபேன் போட வேண்டாமுன்னு நா ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். ஹோமம் இருக்குமுன்னு எனக்கும் தோணுல. எம்பட தப்பும் இருக்குதுங்க" என்று உரிமையாளரிடமே சொன்னார். அந்த மனுசர் அத்தோடு அடங்கிப்போனார். அப்போது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆளை எப்படி மடக்கிப்போட்டார் பாரு என்று குப்புராஜிடம் சொன்னேன்.

நாளாக ஆக எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நான் போன் செய்வேன். மேடம் வருவார். முட்டிக்கு பெல்ட், தலைக்குத் துணித் தொப்பி, வாய்க்கு மாஸ்க், நெற்றியில் டார்ச். பஞ்சு அமுங்காமல் இருக்க ஒரு மெல்லிய பலகையை முன்னால் தள்ளிவிட்டு அதன்மேல் படுத்தபடி டக்ட்டுக்குள் நுழைவார். நான் கீழே டீ கிளாஸோடு நிற்பேன். விரல் முட்டியால் அவர் தட்டிக்கொண்டே போகும் சத்தம் மேலே நகரும். நன்றாக ஒட்டிய இடம் மொத்துமொத்து என்று கேட்கும். ஒட்டாத இடத்தில் தகரம் தனியாகப் பேசும். சத்தம் நிற்கும்.

"கெடச்சுதுங்களா மேடம்?" என்று கேட்பேன்.

"கெடச்சுதுங்க."

"அப்படீங்களா? எனக்குத் தெரியாதே!"

எனக்குத் தெரியும். பாதிக்குப் பாதி எனக்குத் தெரிந்துதான் இருக்கும். எங்கே பசை பற்றவில்லை, எங்கே பின் குட்டையாகிப் பஞ்சை நசுக்கியது, எந்த மூலையில் ஓரப்பூச்சு விட்டுப்போனது என்று குப்புராஜ் அன்றன்றைக்கே வந்து சொல்லிவிடுவான். மேடம் கண்டுபிடித்தால் பிரிப்போம், கண்டுபிடிக்காவிட்டால் போகட்டும். செய்வது நம் வேலை, கண்டுபிடிப்பது அவர் வேலை. இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றையும் விட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. "எங்க வேலையைப் பார்க்க மட்டும் அந்தம்மா உள்ள போயிப் படுத்துருவாங்க" என்று மற்ற காண்ட்ராக்டர்களிடம் சொல்லிக்கொள்வேன். அவ்வளவு பெரிய வேலை செய்கிறவன் நான் என்று நினைப்பு.

வெளியே வரும்போது புருவமெல்லாம் தூசாக இருக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்குவார். வயது அறுபதைத் தொடப்போகிறது, கதவு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "மூடிப்போட்டா அப்பறம் யாரும் பாக்கமாட்டாங்கொ. அதுக்குத்தானுங்க இப்பப் பாக்கறேன்" என்றார். அதற்குமேல் ஏதோ சொல்ல வந்த மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் டீ கிளாஸை வைக்கத் திரும்பிவிட்டேன்.

இப்போது சரவணம்பட்டி வேலைக்கு வருகிறேன். காது சரியாகக் கேட்காத குழந்தைகளுக்கு ஒரு டிரஸ்ட் அங்கே புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறது. எல்லாக் குழந்தைகளும் காதில் மிஷின் வைத்தவர்கள். வேலை தொடங்கிய அன்றே மேடம் என்னையும் குப்புராஜையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"நம்ம காது வேண்டாத சத்தத்தத் தள்ளிப்போடுமுங்க. இப்பக்கூட ரோட்டுல லாரி போவுது, நா பேசறது உங்களுக்குக் கேக்குதில்லீங்க? மிஷினுக்கு அது நெம்பச் சிரமம். டீச்சர் பேச்சும் ஃபேன் சத்தமும் ஒண்ணாத்தான் பெருசாகி உள்ளாற போவும். நம்ம லைனிங் சரியில்லைன்னா அந்தப் புள்ளைங்களுக்கு பாடமே போவாதுங்க."

குப்புராஜுக்கு அது மனசில் தங்கிவிட்டது. எனக்குத் திறப்பு விழாத் தேதிதான் மனசில் தங்கியது. மெஷின் அறையை ஒட்டிய டக்ட்டின் முதல் துண்டுதான் இரைச்சலை அதிகம் வாங்குகிற துண்டு. அதற்குப் பஞ்சு ஒட்ட வேண்டிய அன்று மழை. கூரை இன்னும் சரியாக மூடாததால் தகரமெல்லாம் ஈரம். "துடைச்சாலும் நிக்கலைங்கண்ணா. நாளைக்கு ஒட்டிக்கலாம்" என்றான் குப்புராஜ். நான்தான், "ஒட்டு. மேடம் வந்து பாத்து, சரியில்லைன்னா சொல்லட்டும்" என்றேன். ஒட்டினான். அடுத்த நாள் அதன் ஒரு பக்கம் கையை வைத்தால் அசைந்தது. ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் மேடம் போனில், "எல்லாம் நல்லா வந்திருக்குதுங்களா நாச்சிமுத்து?" என்று கேட்டார். "வந்து பாருங்க மேடம்" என்றேன்.

அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. என் பதிலும் அதுதான்.

துக்கத்துக்குப் போனேன். தோட்டத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் எங்கள் தொழில்காரர்கள். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கவேல் ஐயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"உங்க சைட்டுன்னா கோமதி காலைல ஒண்ணும் திங்கமாட்டாளுங்க" என்றார். "இட்லி ஊத்தி வெச்சிருந்தாலும் தொடமாட்டா. படுத்து ஊரோணும், வகுறு காலியா இருந்தாத்தான் தோதும்பா. முட்டிக்கு மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டுக் கெளம்பிருவா."

"எல்லா சைட்டுக்கும் அப்படித்தானுங்களே ஐயா" என்றேன்.

"இல்லீங்களே. மத்தவங்க சைட்டுக்கெல்லாம் தின்னுபோட்டுத்தான் போவா. அவங்களே சொல்லிப்போடுவாங்களாமா, மேடம் இந்தெடம் சரியில்ல, அந்த மூலையைப் பாருங்கன்னு. அதைப் பாத்தாப் போதுமாமா. நீங்க சொல்லமாட்டீங்களாமா. அதனால முழுக்க உள்ளாற போயித் தட்டிப் பாக்கோணுமும்பா." என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். "நீங்களே சொல்லிப்போட்டா என்னன்னு ஒருக்காக் கேக்கலாம்னு நெனைச்சிருக்கேனுங்க. அவதான் வேண்டாமுன்னுட்டா. அவரு கூச்சப்படுவாரு, உடுங்கன்னுட்டா."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவரும் இல்லை. மனைவியைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது, பேசினார், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. எதிரே மேடம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார். நான் தொழில் முறை என்று நினைத்தது தொழில் முறை இல்லை. நான் ஒருவன்தான் அப்படி. என் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர் என்னை நம்ப முடியாமல் பட்ட பாடு. வெறும் வயிறும் மாத்திரையுமாக ஒரு பெண்பிள்ளை தகரத்துக்குள் ஊர்ந்துகொண்டிருக்க, கீழே நின்று டீ குடித்தவன் நான். அதிலும் நான் கூச்சப்படுவேன் என்று என்னையும் காப்பாற்றியிருக்கிறார்.

நெஞ்சுவலிக்கும் டக்ட்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரான என் மருமகன் சொல்கிறான். சரிதான். ஆனால் சாவுக்குக் காரணம் நானா என்று நான் கேட்கவில்லையே. உயிரோடு இருந்தபோது அவரை என்ன பாடு படுத்தினேன் என்றுதான் கேட்கிறேன். அதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் சென்னை ஆபீசிலிருந்து வேறொருவர் ஆய்வுக்கு வந்தார். நல்ல மனிதர், அன்று சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். டிரஸ்ட்டுக்காரரும் வந்து நின்றார், திறப்பு விழா அழைப்பிதழ் கையில் இருந்தது. வந்தவர் ஏணியில் ஏறிச் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "நீட்டா பண்ணியிருக்கீங்க சார். சீலிங் மூடிடலாம்" என்றார். கதவைச் சாத்தப்போனார்.

குப்புராஜ் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூட வேண்டாமுங்க" என்றேன். "மெஷின் ரூமை ஒட்டுன மொதத் துண்டு சரியில்லீங்க. ஈரத்துல ஒட்டுனது. பிரிச்சு மறுபடி ஒட்டோணும்."

டிரஸ்ட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. தேதியெல்லாம் சொல்லியாகிவிட்டதே, அவரே நல்லாயிருக்குது என்கிறாரே, இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று கத்தினார். கடைசியாகச் சொன்னது நியாயம். ஏணியில் நின்றவர் இறங்கி மெஷின் அறைப் பக்கம் போய் அந்தத் துண்டின் பக்கத்துக் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். பஞ்சு அவர் கையோடு வந்தது. "தேங்க்ஸ் சார், எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. என்னை யாரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. இந்த நாலு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

திறப்பு விழா தள்ளிப்போயிருக்கிறது. அந்தத் துண்டைப் பிரித்து, தகரத்தைக் காயவைத்து, நானும் குப்புராஜுமாக மறுபடி ஒட்டியிருக்கிறோம். பசை காய்ந்ததும் நானே தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பலகையில் படுத்து உள்ளே போனேன். இத்தனை வருசத் தொழிலில் அதுதான் முதல் தடவை. பாதி தூரம்கூடப் போகவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. உள்ளே காற்றே இல்லை. மாஸ்க்குக்குள் மூச்சு சுடுகிறது, கண் எரிகிறது, திரும்ப இடமில்லை. கீழே யாரோ டீ ஆற்றும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அங்கேயே நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு அழுதேன். குப்புராஜ் கதவருகில் நின்றுகொண்டு, "கெடச்சுதுங்களாண்ணா?" என்று கேட்கவில்லை. அவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அன்றைக்கு நானும் தங்கவேல் ஐயாவிடம்கூடச் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மேடம், சரவணம்பட்டியில் முதல் துண்டு சரியில்லைங்க. நான் தெரிஞ்சே ஒட்டுனது. நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வந்திருக்கலாமுங்க.